ரேடியேட்டரில் போட்ட மஞ்சள்

என்னுடைய மோட்டார் சைக்கிளைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்காத ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. திண்டிவனம் பைபாஸ் டீக்கடையில் கேட்டார்கள். விழுப்புரம் பெட்ரோல் பங்கில் கேட்டார்கள். வளவனூரில் ஒரு சாவு வீட்டில், பாடையைத் தூக்கப் போகிற நேரத்தில் ஒருவர் என் காதோரம் குனிந்து, "எவ்ளோ குடுக்குதுங்க லிட்டருக்கு?" என்று கேட்டார். எல்லோருக்கும் பதில் சொன்னேன். பதில் சொல்வதில் எனக்கு ஈடு கிடையாது. அப்படிச் சொன்ன பதில்களில் ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அது பொய். அந்தப் பொய் ஒரு மனிதரின் வலது காலில் போய் விழுந்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. கோலியனூர்ப் பக்கம் அடுத்தவர் கழனியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய குடும்பம். 1993-ல் விழுப்புரத்திலிருந்து மெட்ராசுக்கு மூட்டை ஏற்றிப் போகும் லாரியில் கிளீனராக ஏறினேன். பத்து வருடத்தில் சொந்த லாரி. அடுத்த பத்து வருடத்தில் ஐந்து லாரி. யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை, நானும் யாரிடமும் போய் நிற்கவில்லை. பட்டம் வாங்கியவர்கள் என் ஆபீஸ் வாசலில் வேலை கேட்டு நின்றிருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

கிளீனராக ஏறிய அந்த வருடமே ஒரு கோடையில், திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம், லாரியின் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. ஊற்ற ஊற்றத் தண்ணீர் கீழே போகிறது. டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். லாரிக்காரர்களுக்குள் ஒரு வைத்தியம் உண்டு. மஞ்சள் தூளைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினால், தூள் தண்ணீரோடு சுற்றிவந்து ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். நான் அதைக் கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. ரோட்டோரத்து வீட்டுக்கு ஓடி ஒரு அம்மாவிடம் இரண்டு கைப்பிடி வாங்கி வந்து ஊற்றினேன். ஒழுகல் நின்றது. மெட்ராஸ் போய் மூட்டை இறக்கித் திரும்பி வந்தோம். "நீ பொழைச்சிக்குவடா" என்று டிரைவர் சொன்னார். மறுவாரம் ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் அந்தக் கதையை நான் சொல்லாத இடம் இல்லை.

இப்போது மோட்டார் சைக்கிளுக்கு வருகிறேன். ஐம்பது வயது தாண்டிய பிறகு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். நீளமாக, தாழ்வாக, காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. க்ரூஸர் என்பார்கள். மற்ற மோட்டார் சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் காற்றுதான் இன்ஜினைக் குளிர வைக்கும். இதற்கு லாரியைப் போலவே தண்ணீர் சுற்றி வரும், முன்சக்கரத்துக்குப் பின்னால் பரீட்சை அட்டை அகலத்தில் ஒரு ரேடியேட்டர். ஷோரூம் பையன் அதைப் பற்றி எனக்கு விளக்க ஆரம்பித்தான். "தம்பி, ரேடியேட்டரைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டான். கூடவே கொடுத்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதைப் பீரோவில் வைத்தேன்.

இதே வண்டி வைத்திருந்த ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனம் பைபாஸ் டீக்கடையில் கூடுவார்கள். விழுப்புரத்திலிருந்து நானும் போவேன். எல்லோரும் என் மகன் வயதுக்காரர்கள். அவர்களில் வாய் அதிகம் ஒரு செல்போன் கடைக்காரனுக்கு. எனக்குப் பிடித்தவர் மயிலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருக்கிறவர். கட்டுமஸ்தான ஆள். டீ குடிக்கும்போதுகூட ஒரு இடத்தில் நிற்கமாட்டார், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பார்.

பேச்செல்லாம் வண்டியைப் பற்றித்தான்.

"டவுனுக்குள்ள டிராஃபிக்ல மாட்டுனா தொடையில தோசை சுடலாம். அம்மாஞ் சூடு" என்பான் செல்போன் கடைக்காரன்.

"ஹைவேல பாருங்க, தங்கம். ஆனா பின் சீட்டு இருக்குதே, எங்க வூட்டுல ஒரே ஒரு தபா ஏறுனாங்க. அதுலேருந்து பஸ்ஸுலதான் வர்றாங்க" என்பார் வாத்தியார்.

"ஸ்பேரு பேஜாரு. ஒரு கண்ணாடிக்கு மூணு மாசமா பாண்டிச்சேரிக்கு நடந்துக்கினு கீறேன். பெருசு, நீ சொல்லு. வண்டி எப்டி?" என்று செல்போன் கடைக்காரன் என் பக்கம் திரும்புவான்.

"வண்டி எப்டின்னு என்னாண்ட ஏன்டா கேக்கற? நான் எப்டின்னு வண்டியக் கேளு."

சிரிப்பார்கள். எனக்கு அது போதும்.

ஒருநாள் வானூர்ப் பக்கம் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகும்போது ஒரு கல் தெறித்து ரேடியேட்டரில் பட்டது. சொட்டுச் சொட்டாகப் பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் ஒழுகியது. வேறு யாராக இருந்தாலும் கம்பெனிக்குப் போயிருப்பான். நான் வீட்டுக்கு வந்து மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். ஒரு ஸ்பூன் கரைத்து ஊற்றினேன். இரண்டு நாள் ஒழுகல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் மீட்டரில் சிவப்பு லைட் எரிந்தது, இன்ஜின் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். லாரி ரேடியேட்டரின் குழாய் அகலம். இதிலிருந்த குழாயெல்லாம் ஊசிக் காது மாதிரி. ஓட்டையை அடைத்த மஞ்சள் குழாயையும் அடைத்துவிட்டது.

யாருக்கும் தெரியாமல் டெம்போவில் ஏற்றிப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் கழற்றிக் கவிழ்த்தான், மஞ்சளாகச் சேறு விழுந்தது. "பெரியவரே, இதுல சாம்பாரு வச்சீங்களா?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். புது ரேடியேட்டர் போட்டு, இன்ஜினைக் கழுவிக் கொடுத்தார்கள். நல்லபடியாக ஓடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்போன் கடைக்காரன் கேட்டான்: "பெருசு, ஒழுகுதுன்னியே, இன்னா ஆச்சு?"

ஏழு பேர் என்னைப் பார்த்தார்கள். பாண்டிச்சேரிச் சிரிப்பு இன்னும் என் காதில் இருந்தது.

"கம்பெனிக்காரன் ரேடியேட்டரையே மாத்தணும்னான். நான் மாத்துவேனா? மஞ்சத்தூளு. ரெண்டு ஸ்பூனு. நின்னுச்சு பாரு."

அவன் துள்ளிக் குதித்து செல்போனை எடுத்தான். "இரு இரு. இத்த வீடியோவுல சொல்லு. ஓனரு கருத்துன்னு போடறேன்."

வண்டி மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். 1993 லாரிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். நன்றாகவே வந்தது. அவன் அதை எங்கெங்கோ போட்டான், யார் யாரோ பாராட்டி எழுதியிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினான். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து டிரில் வாத்தியார் போன் செய்தார்.

"ஐயா, எனக்கும் ஒழுகுதுங்க. நீங்க சொன்ன வைத்தியம் பண்ணலாம்னு கீறேன். ரெண்டு ஸ்பூனு போதும்ங்களா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. 'நான் மாத்திட்டேன், நீயும் மாத்திடு.' அதைச் சொன்னால் திங்கட்கிழமைக்குள் ஏழு பேருக்கும் தெரிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துச் சாம்பார் என்பார்கள். அவ்வளவுதான் என் பயம். எழுதும்போது கை கூசுகிறது.

"போதும், போடு" என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. எனக்கு எரிந்த சிவப்பு லைட் அவருக்கும் எரியும், எரிந்தால் திரும்ப என்னிடம் வருவார் என்று தெரியும். அதனால், "லைட்டு கிட்டு எரிஞ்சா கண்டுக்காத வாத்தியாரே. அது பயந்தாங்கொள்ளி லைட்டு. நம்ம ஊரு வெயிலுக்கு எரியத்தான் செய்யும்" என்றும் சொன்னேன்.

"சரிங்கய்யா. நீங்க சொன்னா சரி."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துவிட்டு எல்லோரும் விழுப்புரத்துக்குக் கிளம்பினோம், ஒரு மெஸ்ஸில் சாப்பிட. எப்போதும் நான்தான் முன்னால். எனக்குப் பின்னால் வாத்தியார். கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் கண்ணாடியில் அவர் ஹெட்லைட்டை விட்டு விட்டுப் போட்டுக் காட்டுவது தெரிந்தது. ஏன் காட்டுகிறார் என்று எனக்கு அந்த நொடியே தெரியும். சிவப்பு லைட் எரிந்திருக்கிறது. நிறுத்தட்டுமா என்று கேட்கிறார்.

நான் இடது கையைத் தூக்கி, வா வா என்று ஆட்டினேன்.

இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. பின்னால் டயர் அலறியது. கண்ணாடியில் பார்த்தபோது அவர் இல்லை. இன்ஜின் சூடு தாங்காமல் இறுகிப்போனால் பின்சக்கரம் கட்டிப் போட்டது மாதிரி நின்றுவிடும். அந்த நேரத்தில் கிளட்ச்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும், ஆள் தப்பிக்கலாம். அது எனக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னது ஸ்பூன் கணக்கு மட்டும்தான்.

ஓடிப்போனேன். நடுத்தடுப்போரமாக அவர் கிடந்தார், வலது கால் மேல் வண்டி. ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது, அதில் மஞ்சள் வாசனை, அடுப்பில் குழம்பு கொதிக்கிற வாசனை. நாலு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய வண்டியை நான் தனியாகத் தூக்கித் தள்ளினேன். பீற்றலுக்காக இதைச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவருடைய முட்டிக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா, வண்டி..." என்றார். அதற்குமேல் நினைவில்லை அவருக்கு.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடனே ஆபரேஷன் செய்தார்கள். மத்தியானம் ஒரு டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். எலும்பைக் கட்டியாகிவிட்டது, அது பெரிதில்லை. முட்டிக்குப் பின்னால் ஓடுகிற ரத்தக்குழாய் அறுந்துபோய்விட்டது, தைத்திருக்கிறோம். ரத்தம் பாதத்துக்கு இறங்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் பார்ப்போம். விரல்களுக்குச் சூடு வந்தால் கால் இருக்கும். வராவிட்டால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும்.

அவர் மனைவி வந்து சேர்ந்தார். சத்துணவு வேலை பார்க்கிற பெண். அழவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரல்களையும் கையால் மூடிக்கொண்டார். அப்படியே நின்றார். நர்ஸ் வந்து நகரச் சொன்னால் நகர்ந்துவிட்டு மறுபடியும் வந்து மூடிக்கொள்வார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "நீங்கதான் தூக்கினீங்களாமே. எல்லாரும் சொன்னாங்க. நீங்க இல்லன்னா ரோட்டுலயே போயிருப்பாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கொடுத்து, "காலைலேருந்து ஒண்ணும் சாப்ட்ருக்க மாட்டீங்க. சாப்டுங்கய்யா" என்றார். சாப்பிட்டேன்.

மறுநாளும் போனேன். மத்தியானம் அவருக்கு நினைவு தெளிந்திருந்தது. விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. டாக்டரம்மா ஊசியால் குத்திப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எழுதிவிட்டுப் போனார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, நான் யோசிச்சிக்கினே கீறேங்க. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார் வாத்தியார்.

"இன்னா தப்பு?"

"ரெண்டு ஸ்பூனுன்னு நீங்க தெளிவாத்தான் சொன்னீங்க. நான் கோபுரமா அள்ளிப் போட்டேன். கூடப் போட்டா சீக்கிரம் அடைக்கும்னு ஒரு ஆசை. உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆவல பாருங்க. என் புத்திதான்."

அவர் மனைவி விரல்களை மூடிய கையை எடுக்காமல், "எல்லாத்துலயும் அவசரம் இவருக்கு. உப்புகூட அப்டித்தான் அள்ளிக் கொட்டுவாரு" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். நான் சும்மா இருந்தால் போதும். அளவு தப்பியது அவருடைய குற்றமாகவே இருந்துவிடும், எனக்கு ரோட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவன் என்ற பெயர் நிற்கும். லாரித் தொழிலில் எத்தனையோ இடத்தில் வாயை மூடிக்கொண்டு பிழைத்தவன்தான் நான். அன்றைக்கு மூடிக்கொள்ள முடியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. கால் போனாலும் போகாவிட்டாலும், அந்த மனிதர் ஆயுசு முழுக்க ஒரு ஸ்பூனை நினைத்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பார் என்பது என்னால் தாங்கமுடியாமல் இருந்தது.

"என் வண்டிக்கும் ஆச்சு வாத்தியாரே" என்றேன். "மூணாம் நாளே லைட்டு எரிஞ்சுது. பாண்டிச்சேரி கொண்டுபோயி புது ரேடியேட்டரு போட்டேன். அப்புறம்தான் உங்ககிட்டல்லாம் அப்டிச் சொன்னேன்."

அந்தப் பெண்ணுக்கு உடனே பிடிபடவில்லை. "புதுசு போட்டீங்களா? அப்போ மஞ்சத்தூளு?"

"நிக்கலம்மா."

"வீடியோவுல நின்னுச்சுன்னு சொன்னீங்களே. எனக்குப் போட்டுக் காட்டினாரே இவரு."

"பொய்ம்மா."

வார்டில் யாரோ இருமினார்கள். வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நான் லைட்டுப் போட்டுக் காட்டுனேனே ஐயா. நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். "எழுந்திரிங்க" என்றார். "அந்த ஸ்டூலு எங்க அண்ணன் வந்தா உக்கார்றதுக்கு."

வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். இன்னும் யாராவது ஊற்றியிருப்பார்களோ என்ற பயம் அப்போதுதான் பிடித்தது. எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. எங்கள் செல்போன் குரூப்பில் பேசி அனுப்பினேன்: மஞ்சத்தூளு போட்டவன் எவனும் வண்டியை எடுக்காதீங்க, நான் சொன்னது பொய், நான் ரேடியேட்டரை மாத்திட்டேன், அந்த வீடியோவை உடனே எடுத்துடு. குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

செல்போன் கடைக்காரன் கூப்பிட்டான்.

"பெருசு, இன்னும் ரெண்டு பேரு ஊத்திக்கீறாங்க. சொல்லிட்டேன், நிறுத்திட்டாங்க. வீடியோவையும் எடுத்துட்டேன்."

"சரிடா."

அவன் போனை வைக்கவில்லை.

"ஏன் பெருசு? புதுசு மாத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்க கலாய்ச்சிருப்போம். ஒரு வாரம் சிரிச்சிருப்போம். அவ்ளோதானே?"

பதில் சொல்வதில் எனக்கு ஈடு கிடையாது என்று மேலே எழுதினேன். அவனுக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் பஸ் ஏறி முண்டியம்பாக்கம் போனேன். உள்ளே போக எனக்கு உரிமை இல்லை என்று எனக்கே தெரியும். வார்டுக்குப் போகும் வழியில், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பாய் விரித்து உட்காரும் இடத்தில் நின்றேன். ஒவ்வொரு முறை ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சத்தம் கேட்கும்போதும், ஆபரேஷன் தியேட்டர் பக்கம் அதைத் திருப்புகிறார்களா என்று பார்த்தேன். ஒரு தடவை திருப்பினார்கள். போர்வைக்கு வெளியே முகம் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். தள்ளியவரிடம், "வயசு இன்னாங்க?" என்று கேட்டேன். "எழுவது" என்றார். யாரோ ஒரு எழுபது வயதுக்காரர் தியேட்டருக்குப் போவதில் நான் சந்தோஷப்பட்டேன். அந்த அளவுக்குத் தரம் தாழ்ந்து நின்றேன். மாதாவைக் கும்பிட்டேன், மயிலம் முருகனைக் கும்பிட்டேன், யார் யாரை வேண்டிக்கொள்ளத் தெரியுமோ அவர்களிடமெல்லாம் என் காலை எடுத்துக்கொள் என்று பேரம் பேசினேன். என் கால் யாருக்கு வேண்டும்?

என்னைப் பார்த்த காவலாளி, "இன்னா பெரியவரே, உங்க புள்ளையா உள்ள?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கேயும் ஒரு பொய்.

வெயில் ஏறிய பிறகு வாத்தியாரின் மனைவி வெளியே வந்தார். கையில் பிளாஸ்க். டீ வாங்கப் போகிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் தூங்காத முகத்தில் என்ன தெரியும்? நான் ஓரடி முன்னால் போனேன். அவர் என்னைப் பார்த்தார், பார்க்காதது மாதிரி தாண்டினார். நாலைந்து அடி போனார். அங்கே நின்றார். திரும்பவில்லை.

"சூடு வந்துடுச்சு. காலு இருக்கு. முட்டி மடங்காதாம்" என்றார். அப்புறம், "போங்க. இனிமே இங்க வராதீங்க" என்றார்.

டிரில் வாத்தியாருக்கு மடங்காத முட்டி. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. கால் இருக்கு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுக்கிற அளவுக்கு அழுதேன்.

அவர் இப்போதும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு, வலது காலை நேராக நீட்டி உட்கார்ந்து, பிள்ளைகளை ஓடச் சொல்லி விசில் ஊதுகிறார் என்று செல்போன் கடைக்காரன் சொன்னான். மயிலம் வழியாகப் போக எனக்கு எத்தனையோ வேலை வருகிறது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்புவதில்லை. வராதே என்று சொல்லியிருக்கிறார்கள்.